"இது உண்மையிலேயே நடந்ததா?" என்று கேட்கும் பிள்ளைக்கு எந்த வரலாற்று நூல்களைக் கொடுக்கலாம்?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மகள் 7-ஆம் வகுப்பு, மகன் 4-ஆம் வகுப்பு. இந்த விடுமுறையில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று மகளுக்குப் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைப் படித்துக் காட்டத் தொடங்கினேன். கதையோடு நன்றாகவே ஒன்றிவிட்டாள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் என்னை நிறுத்தி, "அம்மா, இது உண்மையிலேயே நடந்ததா?" என்று கேட்கிறாள். நந்தினி என்ற பெண் கல்கியின் கற்பனை என்று நான் சொன்ன அன்று, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் முகம் வாடிப்போய், "அப்படியானால் எல்லாமே பொய்தானா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அதன்பிறகு ஒரு வாரமாகப் புத்தகம் மேசை மேலேயே கிடக்கிறது.

இந்த வயதில் வரலாற்றுப் புதினங்களைக் கொடுப்பதே தவறா? உண்மைக் கதைகளை மட்டும் கொடுத்துவிட்டுப் புதினங்களைப் பின்னால் வைத்துக்கொள்ளலாமா? எது நடந்தது, எது புனைந்தது என்று சொல்லும்போது பிள்ளையின் ஆர்வம் அடிபடாமல் எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். மகனுக்கு ஏற்றவை இருந்தாலும் சொல்லுங்கள்.

மறுமொழி: முத்தியால்பேட்டை ஆசிரியர்

வணக்கம் அம்மா. புதுச்சேரியில் பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் மகளின் கேள்வியை எக்காரணம் கொண்டும் அடக்கிவிடாதீர்கள். அதற்கான விடை உங்கள் மாவட்டத்திலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. அதில், 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று தொடங்கி, சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. இந்தக் கரிகாலன்தான் இராசராசனின் அண்ணன், புதினத்தில் வரும் ஆதித்த கரிகாலன். கொன்றவர்களுடைய நிலங்களையும் அவர்களைச் சேர்ந்த உறவினரின் நிலங்களையும் பறித்து விற்பதற்கான அரசாணை அது. அவர்கள் ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், அன்றிரவு என்ன நடந்தது என்பதைப் பற்றி அந்தக் கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை. கல் பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மகளிடம் "நந்தினி பொய்" என்று சொல்வதைவிட, "ரவிதாசன் கல்வெட்டில் இருக்கிறான், நந்தினி இல்லை, ஏன் கல்கிக்கு அவள் தேவைப்பட்டாள் என்று நீ நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்புகளில் இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சொன்ன விடைகளைக் கேட்டு நானே வியந்திருக்கிறேன். வந்தியத்தேவனைப் பற்றிக் கேட்டால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று குறிப்பதைச் சொல்லுங்கள். பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனை என்பதை அதற்குப் பிறகு சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இயன்றால் நேரில் அழைத்துப் போங்கள். சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் சாலை வீராணம் கரையை ஒட்டியே செல்லும். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி அதுதான். முதலாம் பராந்தகனின் விருதுப் பெயரால் வழங்கும் அந்த ஏரியிலிருந்துதான் இன்று சென்னைக்குக் குடிநீர் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்வெட்டுக்கும் கற்பனைக்கும் இடையே மரபு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகே உள்ள கரையேறவிட்டகுப்பத்தைப் பாருங்கள். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய இடம் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்கிறோம். அவர் மிதந்து வந்ததற்குச் சான்று கேட்டால் பெரிய புராணத்தைத்தான் காட்ட முடியும். ஆனாலும் அந்தக் கதையை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது மறுக்க முடியாத வரலாறு. 12 வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தாராளமாகப் புரியும். 'சிவகாமியின் சபத'த்தில் நாவுக்கரசரைச் சந்திக்கும்போது அவளுக்கு அவர் அறிமுகமானவராகவே இருப்பார்.

ஐந்து பாகம் மலைப்பாக இருந்தால் 'பார்த்திபன் கன'வில் தொடங்கலாம். அளவில் சிறியது, சிக்கலும் குறைவு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் மலிவுப் பதிப்புகள் எளிதில் கிடைக்கும். எங்கள் ஊர்க்காரரான பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து பிறந்தவை, எனக்கு உயிரானவை; ஆயினும் அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதால் 16 வயதுக்கு முன் வேண்டாம் என்பதே என் கருத்து.

மறுமொழி: நெல்லிக்குப்பம் தந்தை

சகோதரி, உங்கள் மகனுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்ற நூலைத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள், தமிழில் கிடைக்கிறது. சப்பானில் போர்க்காலத்தில் பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஒரு பள்ளியில் படித்த சிறுமி, வளர்ந்தபின் தானே எழுதிய உண்மைக் கதை. அந்தப் பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோகும் இடத்தைப் படித்த அன்று, என் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினான்.

உள்ளூர்க் கதை வேண்டுமானால் தேவனாம்பட்டினம் கோட்டை இருக்கிறது. 1690-இல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் சேர்த்து அவர்களுக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் இருக்கிறது. இதைச் சொன்னதிலிருந்து என் மகன் பேருந்தின் பெயர்ப் பலகையில் அந்த ஊரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காட்டுகிறான்.

மறுமொழி: புதுச்சேரி நூலக வாசகி

ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரலாறு என்றதும் அரசர்களிடமே போய் நிற்கிறோமே என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. 12 வயதுப் பெண் தன் வயதை ஒத்த ஒரு பெண்ணை வரலாற்றில் பார்க்க வேண்டாமா?

1908-இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்து பத்து ஆண்டுகள் தங்கினார். அவருடைய நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அப்போது சிறுமி. பாரதியின் பெண்களோடு விளையாடி வளர்ந்தவர். பிற்காலத்தில் அவர் எழுதிய 'பாரதி நினைவுகள்' நூலில் வரும் பாரதி, பக்கத்து வீட்டு மாமாவைப்போல் அவ்வளவு அருகில் இருக்கிறார். இதைப் படித்த பிறகு, 1918 நவம்பரில் புதுவையை விட்டுக் கிளம்பிய பாரதியார் கைதாகி அடைக்கப்பட்டது கடலூர்ச் சிறையில்தான் என்று மகளிடம் சொல்லுங்கள்.

உங்கள் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாளைப் பற்றியும் அவள் அறிந்திருக்க வேண்டும். 1927-இல் சென்னையில் ஆங்கிலேயப் படைத்தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் தாயோடு சேர்ந்து சிறை சென்ற மகள் அம்மாக்கண்ணுவுக்கு அப்போது 9 வயது. காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் சூட்டித் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். உங்கள் மகனின் வயதுதான். எங்கள் பக்கத்திலும் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 12 ஆலைத் தொழிலாளர்களின் கதை இருக்கிறது. பிள்ளைகள் படிக்கும்படி அதை விரிவாக யாரேனும் எழுத வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

மறுமொழி: மஞ்சக்குப்பம் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை உடையார்குடிக்குப் போய் வந்தோம். ஏரியில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் மதகுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். கோயில் சுவரில் இருந்த எழுத்துகளை எங்களால் படிக்க முடியவில்லை. 'க' போலத் தெரிந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடித்து மகள் விரலால் அதன் பள்ளத்தை வருடிக்கொண்டே நின்றாள். திரும்பும் வழியில், "கொன்றவர்களுக்குத் தண்டனை சரி. உறவுக்காரர்கள் நிலத்தையும் பிடுங்கினார்களே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்புறம் எங்கே போயிருப்பார்கள்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. கல்கி அதைச் சொல்லியிருக்கிறாரா என்று தானே பார்க்கப்போவதாகச் சொல்லி, அன்றிரவு விட்ட இடத்திலிருந்து அவளே சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

புதுச்சேரி சகோதரிக்கு ஒரு கேள்வி: யதுகிரி அம்மாளின் நூல் உங்கள் ரோமன் ரோலந்து நூலகத்தில் இருக்கிறதா? அடுத்த வாரம் அங்கே வருகிறோம்.