களமடைப்பு, புகழெச்சம்: கூடைப்பந்துத் தொழில் தகராறுகளுக்கான சொற்கள் குறித்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நம் விளையாட்டுச் சொற்பட்டியலின் வரைவில் "லாக்கவுட்" (பேச்சுவார்த்தையில் வீரர்களைப் பணியவைக்க அணி உரிமையாளர்கள் ஆட்டத்தை முடக்குவது) என்பதற்கு நேராக "விளையாட்டு நிறுத்தம்" என்று இடப்பட்டிருப்பதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தம் என்ற சொல் யார் நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அது மட்டுமல்ல, வேலைநிறுத்தம் என்ற சொல் நமக்கு நெடுநாள் பழக்கமாகையால், படிப்பவர் வீரர்கள்தாம் ஆட மறுத்தார்கள் என்றே பொருள் கொள்வார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே 1995, 1996, 1998, 2011 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை தொழில் முடக்கம் ஏற்பட்டது; நான்கையும் தொடங்கியவர்கள் அணி உரிமையாளர்கள். வீரர் சங்கம் அழைப்பு விடுத்த வேலைநிறுத்தத்தால் அங்கே ஓர் ஆண்டின் ஆட்டப் பருவமும் குறைந்ததில்லை.

இந்தச் செயலுக்குத் தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வேலைநிறுத்தம், ஆலை மூடல், கதவடைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே வரையறுத்தது. மூடல் நிரந்தரமானது; கதவடைப்போ பேச்சுவார்த்தையில் தொழிலாளரைப் பணியவைக்க நிர்வாகம் தற்காலிகமாகக் கையாளும் ஆயுதம். தமிழ்நாட்டுத் தொழிற்சங்கத்தார் இந்த வேறுபாட்டை விளக்கம் தேவைப்படாமலே அறிவார்கள். ஆகவே கதவடைப்பு என்றே எழுதிவிடலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பிய தடை வலுவானது. ஈழத்துச் செய்தித்தாள்களில் கதவடைப்பு என்பது ஹர்த்தாலைக் குறிக்கிறது: மக்கள் தாமாகவே கடைகளையும் அலுவலகங்களையும் மூடி எதிர்ப்பைத் தெரிவிக்கும் போராட்டம். ஒரே சொல் பாக் நீரிணையின் ஒரு கரையில் முதலாளியின் ஆயுதமாகவும் மறுகரையில் மக்களின் ஆயுதமாகவும் நிற்கும்போது, இரு கரையினரும் பயன்படுத்த வேண்டிய பட்டியலில் அதை அப்படியே வைப்பது முறையாகாது.

அதனால் விளையாட்டுத் துறைக்கு மட்டும் "களமடைப்பு" என்ற சொல்லை முன்மொழிகிறேன். களத்தின் சாவி வீரர் கையில் இல்லை. எனவே களத்தை அடைத்தவர் யார் என்ற ஐயம் எழாது. நடப்போடும் இது பொருந்துகிறது. 1998 ஜூலை 1 அன்று உரிமையாளர்கள் களமடைப்பை அறிவித்தபோது வீரர் ஒப்பந்தங்களும் அணி மாற்றங்களும் நின்றன. அணிகளின் பயிற்சிக்கூடங்கள் வீரர்களுக்கு மூடப்பட்டன. பருவம் தொடங்கியிருக்க வேண்டிய நாள் கடந்தபின் சம்பளமும் இல்லாமற்போனது. 204 நாள் நீடித்த அந்த முடக்கத்தால் 82 ஆட்டங்கள் கொண்ட பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டம் கைவிடப்பட்டது. 2011இல் 161 நாள் அடைத்ததில் பருவம் கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி 66 ஆட்டங்களோடு முடிந்தது. கூடைப்பந்து வருவாயில் 57 விழுக்காடாக இருந்த வீரர்களின் பங்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

மரம் + அடி மரவடி ஆவதுபோல இதுவும் "களவடைப்பு" என்றுதானே ஆக வேண்டும் என்று குழுமத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். இலக்கணப்படி கேள்வி சரியே. ஆயினும் களவு என்ற பொருள் முந்திக்கொண்டு தோன்றும் இடத்தில், களமிறங்குதல், களமாடுதல் ஆகிய வழக்குகளைப் பின்பற்றி மகரத்தை விடாமல் எழுதுவதே தெளிவுக்கு உதவும்.

"சேலரி கேப்" என்பதற்கு ஊதிய உச்சவரம்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. நில உச்சவரம்பு என்ற தொடர் அறுபதாண்டுகளாக வழங்கிவருவதால் யாருக்கும் புரியும். ஆனால் ஒரு திருத்தம் தேவை. 1984–85 பருவத்தில் 36 லட்சம் டாலர் என்று தொடங்கிய வரம்பு ஓர் அணி தன் வீரர் அனைவருக்கும் சேர்த்துத் தரும் தொகைக்கானது. தனியொரு வீரர் பெறும் தொகைக்கான வரம்பு உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 1999 உடன்படிக்கையில்தான் வந்தது; வீரர் கெவின் கார்னெட்டுக்கு 1997இல் ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் தர நேர்ந்தது உரிமையாளர்களை அச்சுறுத்தியதே அதற்கு முக்கியத் தூண்டுதல். எனவே "அணி ஊதிய உச்சவரம்பு", "தனிவீரர் ஊதிய உச்சவரம்பு" என இரண்டு பதிவுகள் இருக்கட்டும்.

இனி, அதிகக் கருத்து வேறுபாட்டுக்கு உள்ளான "லெகசி." இதற்கு மரபு, பாரம்பரியம், எச்சம், புகழெச்சம் என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மரபும் பாரம்பரியமும் தலைமுறைகளின் வழியே வருபவை. ஒரு தனி வீரர் விட்டுச்செல்வதைக் குறிக்க அவை போதா. எச்சம் வள்ளுவர் ஆண்ட சொல். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்ற குறளைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஆயினும் இன்றைய பேச்சில் அச்சொல் பறவையின் கழிவையே முதலில் நினைவூட்டுகிறது என்ற மறுப்பைத் தள்ள முடியவில்லை. "இசையென்னும் எச்சம்" என்று புகழ் அதிகாரத்தில் அவரே அடைகொடுத்துச் சொல்வதால், புகழெச்சம் என்பதை ஏற்கிறேன்.

சொல்லை ஏற்றாலும், வரைவில் அதற்கு எழுதப்பட்டுள்ள வரையறையை என்னால் ஏற்க இயலவில்லை. "ஒரு வீரர் வென்ற பட்டங்கள், சாதனைகள் ஆகியவற்றால் நிலைபெறும் மதிப்பு" என்று அது சொல்கிறது. தொலைக்காட்சி விவாதங்களில் வேண்டுமானால் புகழெச்சம் அப்படி அளக்கப்படலாம்: மைக்கேல் ஜோர்டானுக்கு ஆறு பட்டங்கள், லெப்ரான் ஜேம்ஸுக்கு நான்கு, பில் ரசலுக்குப் பதினொன்று. அந்த அளவுகோலே களமடைப்பின் முன் தடுமாறுவதைக் கவனியுங்கள். 50 ஆட்டங்களே நடந்த 1999இல் டிம் டங்கனின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் வென்ற பட்டத்துக்கு உடுக்குறியிட்டு (*, முழு மதிப்பில்லாதது எனக் காட்டும் குறி) எழுத வேண்டும் என்று பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 66 ஆட்டங்கள் நடந்த பருவத்தின் முடிவில் 2012இல் மயாமி ஹீட் அணியோடு லெப்ரான் பெற்ற முதல் பட்டத்துக்கு அப்படியொரு குறி ஒட்டிக்கொள்ளவில்லை. உரிமையாளர்கள் பூட்டிய பூட்டுக்கு டங்கன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆஸ்கர் ராபர்ட்சனை எடுத்துக்கொண்டால் குறை இன்னும் தெளிவாகும். 1961–62 பருவம் முழுவதும் புள்ளிகள், ரீபவுண்டுகள் (வளையத்தில் விழாத பந்தைக் கைப்பற்றுவது), அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி பெறப் பந்தைத் தருவது) மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்தவர் என்று அவரைப் பலரும் அறிவார்கள். பட்டம் என்று பார்த்தால் 1971இல் மில்வாக்கி அணியோடு பெற்ற ஒன்றே ஒன்று. ஆனால் வீரர் சங்கத் தலைவராக 1970இல் அவர் தொடுத்த வழக்குதான், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வீரரைத் தன் அணியிலேயே கட்டிவைக்க உரிமையாளருக்கு இருந்த அதிகாரத்தை உடைத்தது. அந்த வழக்கில் சமரசம் எட்டப்பட்டது 1976இல். அதற்கு இரண்டாண்டு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தமக்குப் பயன் கிட்டாத ஓர் உரிமையைப் பின்வந்த அனைவருக்கும் பெற்றுக்கொடுத்த மனிதரின் புகழெச்சத்தில் அந்த வழக்குக்கு இடமில்லை என்று நம் அகராதி சொல்லலாமா? லெப்ரான் 2010இல் தாம் விரும்பிய அணிக்குச் செல்ல முடிந்தது அந்த வழக்கு திறந்த வழியில்தான்.

எல்ஜின் பெய்லரும் அப்படியே. தம் அணி எட்டு முறை இறுதித் தொடருக்கு வந்தும் அவற்றில் ஒரு பட்டமும் வெல்லாதவர் என்பதைக் குறையாகச் சொல்பவர்கள், 1964 ஜனவரியில் பாஸ்டனில் நட்சத்திர வீரர்களின் ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் அவரும் ஜெர்ரி வெஸ்டும் பில் ரசலும் ராபர்ட்சனும் உடைமாற்று அறையைவிட்டு வெளியே வராமல் இருந்ததைச் சொல்வதில்லை. என்பிஏவின் அன்றைய தலைவர் வால்டர் கென்னடி ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதியளித்த பிறகே அவர்கள் களத்துக்கு வந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1998 பேச்சுவார்த்தையில், அணியை நடத்தக் கட்டுப்படியாகவில்லை என்றால் விற்றுவிடலாமே என்று வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஏப் போலினிடம் மைக்கேல் ஜோர்டான் நேருக்கு நேர் சொன்னது பரவலாக எழுதப்பட்டது. 2010இல் அவரே சார்லட் அணியின் பெரும்பான்மை உரிமையாளரானார். அடுத்த ஆண்டுக் களமடைப்பில் வீரர்களின் பங்கைக் குறைப்பதில் கடுமையாக நின்றவர்களில் அவரும் ஒருவர் என்று செய்திகள் வந்தன. அவருடைய ஆறு பட்டங்கள் இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அவர் பூட்டின் இரு பக்கமும் நின்றவர் என்பதும் அவர் விட்டுச்செல்லும் கணக்கில் சேர்ந்ததே.

ஆகவே வரையறையைக் கீழ்க்கண்டவாறு திருத்தலாம் என்பது என் வேண்டுகோள்: "புகழெச்சம்: ஒரு வீரரின் ஆட்டத்திறன், வெற்றிகள், அவர் தம் தொழிலின் நிலைமையிலும் சக வீரர்களின் உரிமைகளிலும் ஏற்படுத்திய மாற்றங்கள் ஆகியவற்றால் அவருக்குப் பின் நிலைக்கும் மதிப்பு." சற்று நீளம்தான், எதை வெட்டினாலும் ராபர்ட்சன் வெளியே போய்விடுகிறார்.

இன்னொரு சொல்லும் தீர்வாகாமல் நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 26 அன்று, விஸ்கான்சினில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் சுட்டதைக் கண்டித்து மில்வாக்கி பக்ஸ் வீரர்கள் ஆட வராமலிருந்ததைச் செய்தியாளர் பலர் "பாய்காட்" என்று எழுதினார்கள்; நம் வரைவில் புறக்கணிப்பு என்று இருக்கிறது. புறக்கணிப்பு வாடிக்கையாளரும் பார்வையாளரும் செய்வது. உழைப்பவர் தம் உழைப்பைத் தர மறுப்பது வேறு. உடன்படிக்கையில் வேலைநிறுத்தத்துக்குத் தடை இருந்ததால் அப்பெயரை இடவும் பலர் தயங்கினார்கள். இதற்கு "ஆட்டமறுப்பு" பொருந்தும் என்று கருதுகிறேன். 1964 நிகழ்வை, ஆட்டம் இறுதியில் நடந்துவிட்டதால், "ஆட்டமறுப்பு எச்சரிக்கை" எனலாம். களமடைப்பு, ஆட்டமறுப்பு என்ற இணையில் எது உரிமையாளர் செயல், எது வீரர் செயல் என்பது ஈழத்து வாசகருக்கும் உடனே விளங்குகிறதா என்பதை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் சொன்னால், அதற்கேற்பப் பதிவுகளைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினன்