பள்ளிப் பிள்ளையும் கொழுந்து பறிப்பவரும்: காலை உணவு குறித்து நீலகிரியிலிருந்து இரண்டு அனுபவங்கள்

பந்தலூர்ப் பகுதியிலிருந்து ஓர் ஆசிரியை:

தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள அரசு தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். பெற்றோர் விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்ச் சேர வேண்டியவர்கள் என்பதால், பால் கலக்காத இனிப்புத் தேநீரையும் இரண்டு பிஸ்கட்டுகளையும் மட்டும் உட்கொண்டு ஏற்றத்தில் நடந்து வரும் பிள்ளைகளை நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பாடவேளைக்குள் வயிற்றுவலி என்று வந்து நிற்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும் அது பசியாகவே இருக்கும். இரவு முழுவதும் மூளைக்குக் குளுக்கோஸ் கொடுப்பது கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் உள்ள சர்க்கரைச் சேமிப்பு. குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு, மூளையின் தேவையோ உடல் எடையை நோக்க அதிகம். ஆகவே பெரியவர்கள் தாங்கும் பட்டினியைக் குழந்தைகள் தாங்குவதில்லை.

மதுரையில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கும் உப்புமா, கிச்சடி, பொங்கல் எனச் சூடான உணவு கிடைக்கத் தொடங்கியது. வயிற்றுவலிப் புகார்கள் அருகிவிட்டன.

விடுமுறை நாள்களில் என்ன கொடுப்பது என்று கேட்டு ஒரு தாய் கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியோடு வந்தார். மலைக்குளிரில் இட்லி மாவு ஒரே இரவில் பொங்குவதில்லை. அடுப்பு மூட்ட நேரமில்லாத அவருக்குப் பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் வசதி பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பெட்டியின் பக்கவாட்டை இருவரும் சேர்ந்து படித்தோம். 30 கிராம் அளவில் பெரும்பகுதி மாவுச்சத்து, புரதம் 2 கிராம் அளவே. இரும்புச்சத்தும் வைட்டமின்களும் செயற்கையாகச் சேர்க்கப்பட்டவை. அது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பாலோடு ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சேர்த்தால் நிறைவான உணவாகும் என்றும், சாக்லேட் சுவையூட்டிய வகைகளில் சர்க்கரை மிகுதி என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம் என்றும், தேநீரிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதால் சாப்பிட்ட உடனே தேநீர் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். 2023 முதல் நம் மாவட்டத்து நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்களே, அதையும் நினைவூட்டினேன். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; கஞ்சியாகக் காய்ச்சப் பத்து நிமிடம் போதும். இப்போது அவர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார். எனக்கு அதில் முழு நிறைவு.

கோத்தகிரியிலிருந்து ஒரு செவிலியர்:

ஆசிரியை குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். நான் அவர்களுடைய பாட்டிமாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பிடாமலேயே கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் எங்கள் பகுதியில் பலர் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், உணவு உள்ளே போயிருந்தாலும் போகாவிட்டாலும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதனுடன் சரிவில் கூடை சுமக்கும் உழைப்பும் சேரும்போது இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பனிமூட்டத்தில் மற்றவர்கள் நடுங்கிக்கொண்டிருக்க, ஒருவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கிப் பேச்சும் குழறினால், அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. அப்படி அழைத்து வரப்பட்ட ஓர் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்ததால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, பிறகு உப்புமா சாப்பிட வைத்தோம். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் மாத்திரை அட்டையை இப்போது மகள் சாப்பாட்டு டப்பாவுக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்.