நார் விலக்கப்பட்ட குடலும் அடங்காத பசியும்: திருகோணமலையிலிருந்து நால்வரின் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

2022ஆம் ஆண்டு ஐப்பசியில் எனக்குக் குடலடைப்பு ஏற்பட்டு, சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏறத்தாழ இரண்டடி நீளத்தை வெட்டி அகற்றினார்கள். இணைத்துத் தைத்த இடம் சற்று ஒடுங்கியிருப்பதால் நார் மிகுந்த எதையும் உண்ணக்கூடாது என்று சத்திரசிகிச்சை வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். நான் மெலிந்து போவேன் என்று வீட்டார் கவலைப்பட்டுக் கொண்டிருக்க, ஒன்றரை ஆண்டில் என் நிறை 72 கிலோவிலிருந்து 84 கிலோவுக்கு ஏறியது. சிவப்பரிசி, குரக்கன், கௌபி, வல்லாரைச் சம்பல், கொய்யா எல்லாம் தட்டிலிருந்து விலகிய பின் எஞ்சியவை வெள்ளைப் பாண், வெள்ளையரிசிச் சோறு, கிறீம் கிறாக்கர், சொதியில் ஊறிய இடியப்பம் ஆகியவைதாம். இவை குடலுக்கு இதமானவை. ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் வயிறு மீண்டும் கேட்கும், நானும் மீண்டும் விசுக்கோத்துப் பேணியைத் திறப்பேன்.

இதற்கிடையில் சத்திரசிகிச்சைத் தழும்பின் வழியே குடல் பிதுங்கத் தொடங்கியது. வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றும், அதற்கு முன் நிறையை 75 கிலோவுக்குக் குறைக்காவிட்டால் தையல் மறுபடி விட்டுப்போக இடமுண்டு என்றும் வைத்தியர் கூறினார். நான் செல்லும் நீரிழிவுக் கிளினிக்கிலும் நிறையைக் குறைக்கச் சொல்லி ஒரு தாளைத் தந்தார்கள். அதில் இருந்தவை தவிட்டரிசி, பச்சைக் காய்கறி, தோலுடன் பழங்கள், அவித்த கடலை. வீட்டில் வைத்திருந்த சத்திரசிகிச்சைப் பிரிவின் தாளில், தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் இருந்தவையும் அவையே. இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவற்றை எழுதிய இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள்.

அந்தக் குழப்பத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் உறவினர் ஒருவர் அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தார். நாரை உரித்துவிட்டுத்தானே உண்கிறோம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஒன்றரைக் கிழங்கைத் தின்றேன். அன்றிரவு வயிறு உப்பி வாந்தி தொடங்கி, இரண்டு நாட்கள் மூக்கின் வழியே குழாயுடன் விடுதியில் கிடந்தேன். பனங்கிழங்கில் உரித்தெடுக்கும் நார் ஒரு பங்கென்றால், கிழங்கினுள்ளேயே கலந்திருக்கும் நார் பல பங்கு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வழி ஓரளவு தெளிந்தது என் மகள் ஒரு பழைய ஆய்வைப் படித்துக் காட்டிய பிறகுதான். 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 38 உணவுகளை ஒவ்வொன்றும் 240 கலோரி வீதம் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் வரை வயிறு எவ்வளவு நிறைந்திருந்தது என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். வெள்ளைப் பாணை 100 என்று வைத்தால் வெள்ளையரிசிச் சோறு 138, முட்டை 150, மீன் 225, அவித்த உருளைக்கிழங்கு 323. சோதனைக்கு உட்பட்டவர்கள் குடல் முழுமையாக உள்ள ஆரோக்கியமானவர்கள் என்பதால் அந்த எண்களை அப்படியே எனக்குப் பொருத்த முடியாது. ஆயினும் வயிற்றை நிறைப்பது நார் மட்டுமே என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. தோல் சீவிய கிழங்கும் மீனும் எனக்கு அனுமதிக்கப்பட்டவை. அவை பாணைவிட இருமடங்குக்கும் மேலாகப் பசியை அடக்குமானால், திருகோணமலையில் இருந்துகொண்டு மீனுக்கு நான் எங்கே அலைய வேண்டும்?

போசாக்கு ஆலோசகரிடம் காட்டி ஒப்புதல் பெற்றே தட்டை மாற்றினேன். மதியத்தில் முதலில் பாரை அல்லது விளைமீன் இரண்டு துண்டு, முள்நீக்கி, புளிக்குழம்பில். அடுத்து தோலும் விதையும் நீக்கிக் குழைய அவித்த பூசணி அல்லது பீர்க்கங்காய். சோறு கடைசியாக, முன்பு உண்டதில் பாதி. இந்த வரிசையை மாற்றிச் சோற்றில் தொடங்கிய நாட்களில் இரண்டாம் முறை சோறு கேட்டிருக்கிறேன். போதும் என்ற செய்தி மூளைக்குப் போய்ச்சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்கிறார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ஹோர்மோன்களில் சில சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும்தான் பெருமளவில் சுரக்கின்றன. அந்தக் கடைப்பகுதியில் ஒரு துண்டை இழந்தவன் என்பதால் நான் மணிக்கூட்டைப் பார்த்து அரை மணித்தியாலம் மென்று உண்கிறேன். மீன் சந்தையில் எனக்கு வழமையாக மீன் வெட்டித் தருபவர் முதலில் இதைக் கேட்டு நகைத்தார். இப்போது நான் கேளாமலே வயிற்றுப்பக்கக் கொழுப்பை நீக்கித் தருகிறார்.

இரவில் மைசூர்ப் பருப்பைக் கரைய அவித்து, கிழங்கும் ஒரு முட்டையும் சேர்த்துக் கெட்டியான சூப்பாகக் குடிக்கிறேன். தெளிந்த ரசம் குடித்தால் பசி நிற்பதில்லை. கெட்டியாக இருந்தால் நிற்கிறது. எருமைத் தயிரும் நன்றாகவே பசியைத் தாங்கும், ஆனால் எருமைப்பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறக்குறைய இருமடங்கு என்பதால் சட்டியை மேசைக்குக் கொண்டுவருவதில்லை. அரைக் கோப்பை, இனிப்புப் பாணி இல்லாமல். பாணி இல்லாத தயிர் தயிரா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பதினொரு மாதத்தில் 84 கிலோ 76 ஆகியிருக்கிறது.

தம்பலகாமத்திலிருந்து:

அண்ணன் எழுதியதில் ஒன்றை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவைச் சூப்பாகக் குடிப்பது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கு அகற்றப்பட்டது இரைப்பையின் பெரும்பகுதி. உணவோடு சூப்போ தண்ணீரோ குடித்தால், உண்டது விரைவாகச் சிறுகுடலுக்குள் இறங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்துப் படுக்க வேண்டி வருகிறது. நீராகாரத்தை உணவுக்கு அரை மணித்தியாலம் தள்ளியே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நான்கு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும், ஒரு மணித்தியாலத்தில் வெறுமையாகிவிடும். ஆகையால் நாளுக்கு ஆறு தடவை சிறிது சிறிதாக உண்கிறேன். எந்த உறுப்பு வெட்டப்பட்டது என்று கேளாமல் ஒருவர் தட்டை மற்றவர் பின்பற்றக்கூடாது.

கிண்ணியாவிலிருந்து:

எனக்குப் பெருங்குடல் முழுவதும் அகற்றப்பட்டு, சிறுகுடலின் முனை வயிற்றின் வெளியே பையில் முடிகிறது. பிட்டுக்கு இடையில் வைக்கும் தேங்காய்ப்பூ எனக்கு விலக்கு. அது உருண்டு, குடல் பைக்குள் திறக்கும் வாயிலை அடைத்துவிடும் என்று தாதி எச்சரித்திருந்தார். கலியாண வீடுகளில் "கொஞ்சம்தானே, சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துகிறவர்களுக்கு நோயை விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால், கைப்பையில் அவித்த முட்டையும் கிழங்கும் கொண்டுபோய் முன்னதாகவே பசியாறிக்கொள்கிறேன். நிறைந்த வயிற்றோடு மறுப்பது எளிதாக இருக்கிறது.

நான் கண்டுகொண்ட இன்னொன்று, மாலை நான்கு மணிக்கு வரும் என் பசியில் பாதி தாகம் என்பது. பெருங்குடல் நாள்தோறும் ஒரு லீற்றருக்கு மேல் நீரை உப்போடு உறிஞ்சித் தரும். அது இல்லாததால் எனக்கு அந்த நீர் பையில் போய்விடுகிறது. வெறும் தண்ணீரை அதிகம் குடித்தால் போக்கு இன்னும் கூடியது. வைத்தியர் சொன்னபடி ஜீவனி என்ற உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலை மிடறு மிடறாகக் குடித்து அரை மணித்தியாலம் காத்திருக்கிறேன். அதன் பிறகும் பசித்தால்தான் உண்கிறேன். வைத்தியர் தடுத்ததால் இவ்வருடம் நோன்பு பிடிக்கவில்லை, அந்த வருத்தம் உண்டு.

மூதூரிலிருந்து:

உப்புவெளி ஐயா, என் தாயாருக்கும் உங்களைப் போலவே சிறுகுடலின் கடைப்பகுதி எடுக்கப்பட்டிருக்கிறது. மீனும் முட்டையும் நன்றாக உண்டும் அவருக்குக் களைப்பு நீங்கவில்லை. உணவு குறைந்ததால் வந்த களைப்பா?

உப்புவெளியிலிருந்து:

தங்கச்சி, எனக்கும் நிறை குறையத் தொடங்கியபோது அந்தக் களைப்பு வந்தது. பட்டினியால் என்றே நானும் நினைத்து இரண்டு வாரம் சோற்றைக் கூட்டினேன். இரத்தம் சோதித்தபோது குறைந்திருந்தது விற்றமின் பி12. அது சிறுகுடலின் அந்தக் கடைப்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது, ஆகவே எவ்வளவு மீன் உண்டாலும் எனக்குப் போதாது. மூன்று மாதத்துக்கொரு முறை ஊசி போடுகிறார்கள். அடுத்த கிளினிக்கில் அம்மாவுக்கு அதைச் சோதிக்கும்படி கேளுங்கள். நானாகக் கேட்கும்வரை எனக்கு எவரும் சோதிக்கவில்லை.