வினைல் தரை போட்டவங்க அனுபவம் சொல்லுங்க (மும்பை வீடுகள்)

செம்பூர் அக்கா:
வினைல், அதாவது பிவிசி பிளாஸ்டிக்ல செஞ்ச தரை விரிப்பு, போடலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க, எங்க வீட்டுல நடந்தத முழுசா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். எங்களுது பழைய சொசைட்டி, மூணாவது மாடி, ஹால்ல இருந்த மொசைக் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு, மழைக்காலத்துல ஈரக்காலோட வந்தா சறுக்கும், அம்மாவுக்கு வேற முட்டிவலி. உடைச்சு டைல்ஸ் போடணும்னா சொசைட்டில என்ஓசி வாங்கணும், டெப்ரிஸ் மூட்டைய இறக்கணும், கீழ்வீட்டு சீலிங்ல ஒரு கீறல் விழுந்தாக்கூட அந்தப் பஞ்சாயத்து வருஷக்கணக்குல போகும். அதனால பழைய தரைக்கு மேலயே போடுற மாதிரி பாத்தோம்.

கடைக்குப் போனா முதல்ல டிசைன் ஆல்பத்தத்தான் விரிப்பாங்க, தேக்கு மாதிரி, வால்நட் மாதிரின்னு. அத அப்படியே மூடி வச்சுட்டு, மேல இருக்குற வேர் லேயர் எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க. டிசைன்ங்கறது ஒரு பிரிண்ட்தான், அதுக்கு மேல இருக்குற அந்தத் தெளிவான படலம்தான் தேய்மானத்த தாங்குது. பெட்ரூமுக்கு 0.3 போதும், ஆளுங்க வந்து போற ஹாலுக்கு 0.5 வாங்குங்க. மொத்தத் தடிமன் 6 மில்லின்னு பெருசா சொல்லிட்டு வேர் லேயர் பத்திப் பேச்சே எடுக்காத கடையும் இருக்கு.

வகைனு பாத்தா ரோல்ல வர்ற ஷீட் இருக்கு, பசை போட்டு ஒட்டுற 2 மில்லி பிளாங்க் இருக்கு, கிளிக் பண்ணி மாட்டுற எஸ்பிசி இருக்கு. எஸ்பிசின்னா நடுவுல சுண்ணாம்புக்கல் பவுடரும் பிவிசியும் கலந்த கட்டியான பலகை, தண்ணில ஊறாது. ஆனா ஒண்ணு, "மெத்து மெத்துன்னு இருக்கும், பெரியவங்க விழுந்தாலும் அடிபடாது"ன்னு சொல்லி விப்பாங்க, எஸ்பிசிக்கு அது உண்மையில்ல, கல்லுப் பவுடர் எங்க மெத்துன்னு இருக்கும். கால் சில்லுன்னு ஆகாது, சறுக்கல் குறையும், அவ்வளவுதான். நெஜமாவே மெத்துன்னு வேணும்னா அடியில ஃபோம் வச்ச குஷன் ஷீட்தான், ஆனா கட்டில் காலும் பீரோ காலும் அதுல பள்ளம் விழ வச்சிரும். எங்களுக்கு சறுக்காம இருந்தா போதும், அதனால எஸ்பிசி எடுத்தோம்.

எல்லாத்தையும் விட முக்கியம் அடித்தரைங்க. எங்க மிஸ்திரி நீளமான அலுமினியம் பட்டிய தரையில வச்சு அடியில எங்க வெளிச்சம் தெரியுதுன்னு மூலைக்கு மூலை பாத்தாரு. ரெண்டு மீட்டருக்கு 3 மில்லிக்கு மேல ஏத்த இறக்கம் இருந்தா, நடக்க நடக்க பலகை ஆடி கிளிக் நாக்கு உடைஞ்சிடும். கடையிலருந்து வந்த ஃபிட்டர் ஃபோம் போட்டா சரியாப்போயிடும்னு சொன்னாரு, நாங்க ஒத்துக்கல, தானாவே பரவி மட்டமாகுற செல்ஃப் லெவலிங் கலவை ஊத்தி நல்லா காஞ்சப்புறம்தான் போட விட்டோம். சுவத்தோரம் 8 மில்லி இடைவெளி விட்டு ஸ்கர்டிங்ல (சுவத்தடிப் பட்டை) மறைச்சிருக்கு, வெயிலுக்கு விரிய இடம் வேணும்ல, இல்லன்னா நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிக்கும். அப்புறம் கதவு, தரை ஏறுறதால அடிப்பக்கம் இழைக்கணும், மழையில மரம் உப்பும்ல, அதையும் சேத்துக் கணக்கு போட்டு இழைக்கச் சொல்லுங்க.

டோம்பிவிலி ரமணா:
அக்கா சொன்னது மாடி வீட்டுக்கு. கிரவுண்ட் ஃப்ளோர்க்காரங்க இதையும் படிங்க. எங்க மாமா வீட்டுல மே மாசம் தரை காஞ்சு கெடக்குறப்ப ஷீட் வினைல் ஒட்டினாங்க. ஜூலைல அங்கங்க கொப்புளம், ஓரத்தத் தூக்கிப் பாத்தா பசை பிசுபிசுன்னு இளகி கருப்பா பூஞ்சை, வீடு பூரா நாத்தம், மாமிக்கு இழுப்பு வேற இருக்கு, அந்த மழைக்காலம் பூரா அவங்க பட்டது எனக்குத்தான் தெரியும். வினைல் மேல ஊத்துற தண்ணிய தாங்கும், ஆனா மண்ணுலருந்து தரை வழியா ஏறுற ஈரத்துக்கு வெளிய போக வழி விடாது, அதான் அடியிலயே தங்கி அழுகுது.

டெஸ்ட் பண்றது ரொம்ப சுலபம், முழம் நீளத்துக்கு ஒரு பாலிதீன் ஷீட்ட தரையில விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க, எடுக்கும்போது அடியில தண்ணி முத்து கோத்திருந்தா இல்ல தரை கருத்திருந்தா ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். டைல்ஸ் போட்ட தரைன்னா ஜாயிண்ட் மேல வச்சுப் பாருங்க. இத மழைக்காலத்துல பண்ணுங்க, மே மாசம் பண்ணினா எல்லா வீடும் பாஸ்தான். ஈரம் இருந்தா முதல்ல அத சரி பண்ணணும், முடியலன்னா வினைல விட்டுட்டு விட்ரிஃபைட் டைல்ஸே போடுங்க, தயவுசெஞ்சு.

முலுண்ட் புதுசு:
தரையில தவழுற குழந்தை இருக்கு, பிவிசி வேண்டாம்னு மனசு சொல்லுது. வேற வழி இருக்கா அக்கா?

மாட்டுங்கா சுந்தரி:
இருக்கும்மா. நெஜ லினோலியம் பிளாஸ்டிக்கே கெடையாது, ஆளிவிதை எண்ணெய், கார்க் தூள், மரத்தூள் கலந்து சணல் துணி மேல பரப்புறது, 1863லயே ஃபிரெட்ரிக் வால்டன்ங்கற இங்கிலாந்துக்காரர் பேட்டன்ட் வாங்கினது. ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு அடியில தரை நல்லா காஞ்சிருக்கணும், காரமான சோப்பும் ஆகாது. கார்க்னா ஓக் மரப்பட்டை, பெரும்பாலும் போர்ச்சுகல்லருந்து வருது, காலுக்கு சுகமா இருக்கும், தண்ணி தேங்கினா தாங்காது, வெயில் பட்டா வெளுக்கும். வினைல்தான்னு முடிவு பண்ணினா தாலேட் (பிளாஸ்டிக்க இளக்கமாக்க சேக்குற கெமிக்கல்) சேராததா, காத்துல கலக்குற வாடைக்கு ஃப்ளோர்ஸ்கோர் சான்றிதழ் இருக்கான்னு கேட்டு வாங்கு, போட்டதும் ஜன்னலத் திறந்து வச்சு நல்லா காத்தோட விட்டுட்டு குழந்தைய விடு.

இன்னொண்ணு, நான் மனசு பொறுக்காம சொல்றேன். மாட்டுங்கா, தாதர் பழைய கட்டடங்கள்ல பூப்போட்ட சிமென்ட் டைல்ஸ் இருக்கும், 1922ல ஆரம்பிச்ச பாரத் டைல்ஸ் கம்பெனி போட்டதெல்லாம் அதுல உண்டு. அந்தத் தரை இருக்குற வீட்டுல பசை போட்டு எதையும் ஒட்டாதீங்க. பாலிஷ் போட்டா எவ்வளவு அழகா மீண்டு வரும் தெரியுமா! மறைச்சே ஆகணும்னா கிளிக் வகைய மட்டும் போடுங்க, நாளைக்குக் கழட்டினா அடியில தரை அப்படியே இருக்கும்.

முலுண்ட் புதுசு:
ரொம்ப நன்றி மாமி. கிச்சனுக்கு?

செம்பூர் அக்கா:
கிச்சன்ல போட்டிருக்கோம், ஆனா ஓட்டாவுக்கும் (சமையல் மேடை) கேபினட்டுக்கும் அடியில போடல, கனமான ஃபிக்ஸிங்க கிளிக் தரை மேல ஏத்தினா அதால அசைஞ்சு விரிய முடியாது. அடுப்புலருந்து எறக்குன குக்கர நேரா தரையில வைக்காதீங்க, தடம் விழும், ஊதுபத்தி நெருப்பு விழுந்தாலும் அப்படித்தான், நாங்க பூஜை அலமாரி முன்னாடி பித்தளைத் தட்டு வச்சிருக்கோம். இழைகோலம் போடலாம், ஈரத்துணில தொடச்சா போயிடும். மஞ்சள் சிந்தினா உடனே தொடைங்க, லேசா கறை நின்னாலும் வெயில் படுற இடம்னா மங்கிடும். அருவாமனை கீழ ஒரு பலகை வேணும். ரப்பர் அடிவச்ச மிதியடி வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாள்ல மஞ்சளாத் தடம் பதியும், தேச்சாலும் போகாது, பருத்தி மிதியடி போடுங்க. வேலைக்கு வர்ற மௌசிகிட்ட ஆசிட், பிளீச்சிங் எல்லாம் வேண்டாம், பக்கெட்ட கவுத்துக் கழுவாம பிழிஞ்ச போச்சாவால (தரை தொடைக்கிற துணி) தொடச்சா போதும்னு முதல்லயே சொல்லிடுங்க, பலகை நனையாட்டியும் ஜாயிண்ட் வழியா எறங்குன தண்ணி அடியில நிக்கும்.

வாங்கும்போது பத்து சதவீதம் கூடுதலா, எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் நம்பரான்னு பாத்து வாங்கி, மிச்சத்த கட்டிலுக்கு அடியில படுக்க வச்சுடுங்க, அப்புறம் ஒரு பலகை மாத்தணும்னா அதே நிறம் கடையில கிடைக்காது.