‘வேர்ல்டு கிறிஸ்டியானிட்டி’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இறையியல் செய்திமடல் ஒன்றுக்காக எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ‘வேர்ல்டு கிறிஸ்டியானிட்டி’ ஆய்வு மையத்தின் கருத்தரங்கு அறிவிப்பையும் ஓர் அறிமுகக் குறிப்பையும் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சமயம் பரப்பும் பணியை ஆராயும் மிஸியாலஜிக்கு ‘அருட்பணியியல்’ போட்டாயிற்று. மாட்டிக்கொண்டது வேர்ல்டு கிறிஸ்டியானிட்டி, குளோபல் கிறிஸ்டியானிட்டி என்ற இரண்டில்தான். காம்பியாவில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அறிஞர் லாமின் சானே இவற்றைப் பிரித்துப் பேசினார். ஐரோப்பாவில் உருவான வடிவங்கள் பிற நாடுகளில் அப்படியே நகலாவது குளோபல்; அந்தந்த மக்கள் தங்கள் மொழியிலும் பண்பாட்டிலும் தமதாக்கிக்கொள்வது வேர்ல்டு. தமிழில் இரண்டுமே ‘உலகக் கிறித்தவம்’ ஆகிவிடுகின்றன. வழி சொல்லுங்கள்.
– செ., மதுரை

செ. அவர்களுக்கு, வழி வள்ளுவரிடமே இருக்கிறது. ‘எவ்வ துறைவது உலகம்’ என்ற குறளில் உலகம் மண்ணுருண்டையா? இடவாகுபெயராய் மக்களைக் குறிக்கிறது. ஆகவே வேர்ல்டுக்கு ‘உலகக் கிறித்தவம்’. உருண்டைக்கு ஞாலம். ஞாலுதல் தொங்குதல், வெளியில் தொங்குவதால் ஞாலம். யானைக்கு ஞால்வாய், தூக்கு மாட்டிக்கொள்வதற்கு நான்றுகொள்ளுதல், எல்லாம் ஒரே வேர். குளோபலுக்கு ‘ஞாலக் கிறித்தவம்’ என்க.
– பொன்., தஞ்சாவூர்

ஐயா, தூக்கு வரைக்கும் போய்விட்டீர்கள்! சபைக்காரர்கள் காதையும் கொஞ்சம் நினையுங்கள். ‘உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்’ என்று 1 யோவான் 2:15இல் வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிரசங்கத்தில் ‘உலகக் கிறிஸ்தவன்’ என்றால் அது திட்டு. வகுப்பில் இந்தத் தலைப்பைச் சொன்னதுமே மாணவர்கள் சிரித்தார்கள். அப்புறம், ‘கிறிஸ்தவம்’ என்றே எழுதுங்கள். ஸகரத்தை நீக்கினால் விசுவாசம் கூடிவிடாது.
– ஜெ., நாகர்கோவில்

நாங்கள் குளோபலைசேஷனைப் பூகோளமயமாதல் என்றுதான் எழுதி வருகிறோம். ‘பூகோளக் கிறிஸ்தவம்’ போட்டால் பிரச்சினை தீர்ந்தது.
– ம., யாழ்ப்பாணம்

பூகோளம் வடமொழி. போதாததற்கு, இங்கே பழைய ஆட்களுக்கு அது பள்ளிக்கூடப் பாடம்.
– பொன்.

சரி ஐயா, ‘ஞாலக் கிறித்தவம்’ என்று அச்சிட்டால் எத்தனை வாசகருக்கு விளங்கும்?
– ம.

இடையில் ஒன்று. செ. சொன்ன எடின்பரோ மையமே பெயர் மாறியதுதான். அங்கே வருமுன், 1982இல் கிறிஸ்தவ வரலாற்றறிஞர் ஆன்ட்ரூ வால்ஸ் அபர்டீனில் தொடங்கியபோது ‘மேற்கல்லாத உலகின் கிறிஸ்தவம்’ என்று இருந்தது. நம் கதையும் அப்படித்தான்: 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலில் கடவுள் ‘தம்பிரான்’. பிறகு சர்வேசுரன், பராபரன், தேவன் என்று எத்தனை பெயர்! இறைவனுக்கு உள்ளூர்ப் பெயரை எடுத்ததால்தான் இந்தச் சமயம் அந்தந்த மண்ணுக்கு உரியதானது என்பதே சானேயின் வாதம். அதனால், திணை என்றால் நிலம் என்ற பொருளில், வேர்ல்டுக்குத் ‘திணைக் கிறிஸ்தவம்’ என்கிறேன்.
– வி., கோவை

அப்படியானால் அஃறிணைக் கிறிஸ்தவம் எது, தம்பி?
– ஜெ.

மன்னிக்கவும், ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். வேர்ல்டுக்கு ‘உலகக் கிறிஸ்தவம்’, குளோபலுக்கு ‘உலகளாவிய கிறிஸ்தவம்’, கூடவே ஒரு வரி விளக்கம் என்று முடித்திருக்கிறேன். ஜெ. ஐயா சொன்னதற்காக, தலைப்பில் ‘ஆய்வு’ என்ற சொல்லையும் சேர்த்தேன். யாரும் திட்டாக எடுக்க மாட்டார்கள். நான்கு பேர் தனிமடலில் சரி என்றார்கள்.
– செ.

எனக்குச் சரியில்லை. அளாவுதல் என்றால் கலத்தல். ‘சிறுகை அளாவிய கூழ்’ நினைவில்லையா? குழந்தையின் கை கூழோடு கலந்தது, நகலெடுக்கவில்லை. சானே வேர்ல்டுக்குச் சொன்ன பொருள் அதுதான், அதைக் கொண்டுபோய்க் குளோபலுக்குச் சூட்டியிருக்கிறீர்கள். அடுத்த இதழில் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், அல்லது என் எதிர்ப்பையாவது ஒரு வரியில் அச்சிடுங்கள்.
– பொன்.