லேத்துக்கு டிசி மோட்டார் போட்டேன், டூல் தொட்டதும் நிற்கிறது. அவசரம்!

நாலரையடி:
எங்கள் நாலரை அடி லேத்தில் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு ஸ்பீடு கன்ட்ரோலோடு டிசி மோட்டார் மாட்டினேன். சும்மா ஓட்டினால் அருமையாக ஓடுகிறது, டூலை வைத்ததும் நின்றுவிடுகிறது. வேகத்தைக் கூட்டினால் கொஞ்சம் வெட்டும், ஆனால் மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு. நாளைக்கு ஷாஃப்ட் கொடுத்தாக வேண்டும், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

காயில்கட்டு:
எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்? இரண்டு வயரா, நாலு வயரா? நாலு என்றால் ஃபீல்டு (காந்தம் உண்டாக்கும் காயில்) தனியாக இருக்கும், ஓடும்போது அது கட்டானால் வேகம் எகிறிவிடும், அதைத் தெரியாமல் எதையும் தொடாதீர்கள்.

பிரஷ்பெட்டி:
கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஐம்பது ரூபாய் வேலை.

பழையஃபிட்டர்:
வந்துவிட்டார்கள். மோட்டார் பெயர் இல்லை, புல்லி அளவு இல்லை, என்ன மெட்டீரியல் என்று இல்லை. ஐடிஐ முதல் வருடப் பையன்கூட இதைவிட ஒழுங்காகக் கேட்பான். தம்பி, முழு விவரத்தோடு வாருங்கள்.

நாலரையடி:
இரண்டு வயர். டிரெட்மில் மோட்டார், பழைய இரும்புக் கடையில் எடுத்தது. 180 வோல்ட், 8 ஆம்பியர், 4000 ஆர்பிஎம், மேலே 2.5 எச்பி என்று ஸ்டிக்கர். பெரிய டிம்மர் ஒன்று, அதற்கப்புறம் ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ். பிரஷ் புதுசுதான்.

காயில்கட்டு:
ஸ்டிக்கரை விடுங்கள். 180 பெருக்கல் 8, உள்ளே போவதே 1440 வாட், இழப்பு போக ஒன்றரை எச்பி கிடைத்தால் சந்தோஷம். புல்லி? பேக் கியர் (வேகம் குறைக்கும் பல்சக்கரம்) இருக்கிறதா?

நாலரையடி:
மோட்டாரில் 3 இஞ்ச், ஸ்பின்டிலில் (ஜாப்பைச் சுற்றும் தண்டு) 6 இஞ்ச், நேர் பெல்ட். பேக் கியரைக் கழற்றி வைத்துவிட்டேன், அதுதான் ஸ்பீடு கன்ட்ரோல் இருக்கிறதே. ஜாப் 100 மில்லிமீட்டர் விட்டம், எம்எஸ் (மைல்டு ஸ்டீல்).

காயில்கட்டு:
அங்கேதான் விஷயம். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் 100 மில்லி எம்எஸ் என்றால் ஸ்பின்டில் 80 ஆர்பிஎம் சுற்றினால் போதும். உங்கள் புல்லிக்கு மோட்டார் 160-ல் ஓட வேண்டும். 4000-ல் ஒன்றரை எச்பி தரும் மோட்டார் 160-ல் அதில் 25-ல் ஒரு பங்குதான் தரும், கிட்டத்தட்ட 45 வாட், சாதாரண சீலிங் ஃபேனே அதைவிடக் கூட இழுக்கும். டிசி மோட்டாருக்கு டார்க் (சுழற்றும் விசை) ஏறக்குறைய மாறாது, வேகத்தைக் குறைத்தால் பவர் போய்விடும். பேக் கியர் வேகத்தைக் குறைத்து டார்க்கைக் கூட்டித் தருகிறது, டிம்மரால் அது முடியாது. 8-க்கு 1 என்று வைத்தால் மோட்டார் 1280-ல் ஓடும், அரை எச்பி வரும். சூட்டுக்கும் அதேதான் காரணம், ஷாஃப்ட்டில் இருக்கும் ஃபேன் அந்த மெது வேகத்தில் காற்றே தள்ளாது. டிம்மருக்கு லோடு ஏறியது தெரியாது, டிசி டிரைவ் போர்டு என்றால் வேகம் விழும்போது தானே வோல்ட்டைக் கூட்டும், ஆம்பியருக்கும் எல்லை வைக்கலாம்.

மூணுபேஸ்:
இந்தக் குப்பையை எல்லாம் விட்டு ஒரு எச்பி மூணு பேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் பெட்டி) போடுங்கள். வீட்டு 230 வோல்ட்டிலேயே ஓடும்.

பழையஃபிட்டர்:
415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து) கட்டிய மோட்டாரை 230-ல் எப்படி ஓட்டுவீர்கள்? டெல்டாவுக்கு (மூன்று காயிலையும் முக்கோணமாகக் கட்டுவது) மாற்ற ஆறு முனையும் வெளியே வர வேண்டும், சின்ன மோட்டார் பலவற்றில் மூணுதான் வரும்.

மூணுபேஸ்:
பிரித்து ஸ்டார் பாயின்டை (முனைகள் சேரும் இடம்) தேடி எடுக்க வேண்டியதுதான், நான் செய்திருக்கிறேன்.

பழையஃபிட்டர்:
வார்னிஷ் போட்ட காயிலை நோண்டியா? சபாஷ். அப்படியே ஓடினாலும் 5 ஹெர்ட்ஸில் இதே கதைதான், பவர் அங்கேயும் விழும்.

மூணுபேஸ்:
மூணு பேஸில் பிரஷ்ஷே இல்லை, அதற்குள் இரும்புத் தூள் போகும் கவலையும் இல்லையே ஐயா! டிரெட்மில் மோட்டார் திறந்த கூடு, அதை லேத்துக்கு அடியில் வைப்பவர்களை என்ன சொல்ல.

பிரஷ்பெட்டி:
பிரஷ் புதுசு என்றால் ஸ்பிரிங் பாருங்கள்.

நாலரையடி:
பேக் கியர் போட்டேன், வெட்டுகிறது. ஷாஃப்ட் போய்விட்டது. நன்றி.

காயில்கட்டு:
மோட்டாரை எந்தத் திசையில் ஓட்டுகிறீர்கள்? டிரெட்மில்லில் ஃப்ளைவீல் பெரும்பாலும் இடது மரை, எதிர்த்திசையில் லோடு வந்தால் கழன்றுவிடும். அந்த டிம்மர் மோட்டாரை வீட்டு மெயின் லைனிலிருந்து தனியாகப் பிரிப்பதில்லை, மோட்டார் உடம்புக்கு எர்த் கொடுத்தீர்களா?

காயில்கட்டு:
தம்பி?