மறு: ஐடெம்பொட்டென்சி – தன்னடுக்கா, ஒரேவிடையா?

> நம் மென்பொருள் இணைப்புத் தளத்தின் கலைச்சொற்களில் இணைப்பி, தூண்டல், மறுமுயற்சி எல்லாம் முடிந்தன. ஐடெம்பொட்டென்சி, அதாவது ஒரே கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒருமுறை அனுப்பியதுபோலவே இருப்பது, இது மட்டும் இழுக்கிறது. கணிதத்தில் உள்ள 'தன்னடுக்கு' போதுமே? இல்லையென்றால் 'ஒரேவிடை'?

தன்னடுக்கு, தன்னோடு பெருக்கினாலும் மாறாத கணித அணிகளுக்குச் (மேட்ரிக்ஸ்) சரி. ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) இணைப்பவருக்கு அடுக்கு எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

'ஒரேவிடை' தப்பாகவே போய்விடும். ஒரு பதிவை நீக்க டெலீட் கோரிக்கையை இருமுறை அனுப்புங்கள்: முதலில் 204 (வெற்றி), அடுத்து 404 (காணவில்லை) வரலாம். விடை மாறிவிட்டது, ஆனாலும் எச்டிடிபி தரநிலையான ஆர்எஃப்சி 9110 டெலீட்டை ஐடெம்பொட்டென்ட் என்றுதான் சொல்கிறது. எத்தனை முறை அனுப்பினாலும் சர்வரில் நடப்பது ஒரு முறை அனுப்பியதற்குச் சமம், அவ்வளவுதான். ஆகவே 'ஒற்றைவிளைவு'. புட் (பதிவை முழுதாக மாற்றி வைப்பது), டெலீட் ஒற்றைவிளைவுக் கோரிக்கைகள், போஸ்ட் (தரவை அனுப்பி ஒரு செயலைச் செய்யச் சொல்வது) அப்படியல்ல.

> ஒற்றைவிளைவு நன்று. அப்படியானால் ஐடெம்பொட்டென்சி கீ, அதாவது மறுபடி வந்தது அதே வேலைதான் என்று சர்வர் அறியக் கோரிக்கையோடு அனுப்பும் அடையாளம்? 'ஒற்றைவிளைவுச் சாவி'?

சாவி வேண்டாம் ஐயா. ஏபிஐ சாவி கதவைத் திறக்கிறது. இது எதையும் திறப்பதில்லை.

> சரி, 'கோரிக்கைக் குறி'?

அதுதான் ஆபத்து. பணம் வசூலிக்கும் போஸ்ட் டைம்அவுட் ஆகிறது என்று வையுங்கள். பதில் வரவில்லை என்பதால் வசூல் நடக்கவில்லை என்று ஆகாது. தளம் தானாக மறுபடி அனுப்பும். அந்த மறுமுயற்சியும் தனிக் கோரிக்கைதானே? பெயரை நம்பி ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது யுயுஐடி (தனித்த அடையாள எண்) போட்டால் அட்டையில் இருமுறை பணம் போகும். பலரும் இடறுவது இங்கேதான்: குறியை மறுமுயற்சிச் சுற்றுக்குள்ளேயே உருவாக்கிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய படியில் உருவாக்கிச் சேமித்து, எல்லா முயற்சிக்கும் அதையே அனுப்ப வேண்டும்.

என் பரிந்துரை 'செயற்குறி'. ஒரு செயலுக்கு ஒரு குறி, கோரிக்கை எத்தனையானாலும்.

> ஆர்டர் எண்ணையே செயற்குறியாக வைக்கலாமா?

வெறும் எண் போதாது. பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப்பின் வி1 ஏபிஐ முதல் விடையை, அது பிழையானாலும், சேமித்து அதையே திருப்பித் தரும். அட்டை மறுக்கப்பட்ட வாடிக்கையாளர் வேறு அட்டையோடு வந்தால் அதே குறி உதவாது. விவரம் மாறினால் தனிப் பிழையே வரும். அது புதுச் செயல்: 'ஆர்டர்-1042-2' என்று முயற்சி எண்ணைச் சேருங்கள். 255 எழுத்து வரை இடமுண்டு. 24 மணி நேரம் கடந்த குறியை அவர்கள் அழித்துவிடலாம், எனவே மூன்று நாள் கழித்து ஓடும் மறுமுயற்சிக்கு இதை நம்பாதீர்கள்.

வெப்ஹூக்கில் (ஒன்று நடந்ததும் வெளிச்சேவை நமக்கு அனுப்பும் செய்தி) வருவதைச் செயற்குறி என்று எழுத வேண்டாம். அது அனுப்புநர் தரும் நிகழ்வு எண். பார்த்த எண்ணா என்று சோதித்துத் தள்ளுவது நம் வேலை.